வேலையில் இருப்பவர்களின் வருகைப் பதிவு

வரலாறு, நோக்கம், இலக்கு. மூன்றையும் ஒரே பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்று அங்கீகாரப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. கட்டம் போட்டவனுக்கு என்ன, போட்டுவிட்டுப் போய்விட்டான். ஜெபமலர் அந்த ஒரு பக்கத்துக்காக மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கரமனையில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் நடக்கும் அந்தச் சமூகக் கல்லூரியின் ஆபீசைப் பத்து வருஷமாகத் தனியாளாக இழுத்துக்கொண்டு போகிறவள் அவள். எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் ஒரு பக்கம் தேறியது. தலைவர் சிவதாணு கண்ணாடியை மேலே ஏற்றிக் கீழே இறக்கி அதைப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இது சரிப்படாது, கேட்டியா" என்று சொல்லி, மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

மூன்றாம் நாள், தம்பானூரில் டிசைன் கடை வைத்திருக்கும் அபிலாஷ் எழுதிய பக்கம் வந்து இறங்கியது. உலகத் தரம் இருந்தது, தொலைநோக்கு இருந்தது, ஆளுமை வளர்ச்சி இருந்தது. தேடிப் பார்த்தாலும் ஒரு மனுஷப் பிறவி அதில் இல்லை. அந்தப் பக்கம்தான் படிவத்தோடு போனது. போகட்டும், தலைவர் ஆசைப்பட்டார் என்று ஜெபமலரும் விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது. அது அவளுக்குப் புதன்கிழமைதான் தெரிந்தது.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். காலை பத்து மணிக்கெல்லாம் சிவதாணு சாலைக் கடைத்தெருவிலிருந்து, தன் மளிகை மொத்தக் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, வேர்க்க வேர்க்க மாடி ஏறி வந்தார். வந்த வேகத்தில் ஒரு சிவப்புப் பேனாவை அவள் மேசைமேல் வைத்தார்.

"எம்மா ஜெபமலரே, லாஜிஸ்டிக்ஸ் கோர்ஸ் ரெஜிஸ்டர எடு. அறுவத்திரெண்டு பேரு கெடக்கு. வாறது இருவத்திமூணு. எழுவத்தஞ்சு பெர்சென்ட் அட்டெண்டன்ஸ் இல்லன்னா அங்கீகாரம் இல்ல. அங்கீகாரம் இல்லன்னா அடுத்த மாசம் பரீட்ச இல்ல. வராத முப்பத்தொம்பது பேரையும் அடிச்சிரு."

"அண்ணாச்சி, அடிச்சா அவங்க திரும்பி வரமுடியாது. மொதல் செமஸ்டர்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"தெரியும்ட்டி. எனக்குத் தெரியாதா? வாற பிள்ளைகளயாவது கரையேத்தாண்டாமா?"

அதுதான் கொடுமை. மனுஷன் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

இந்தக் கல்லூரியில் பேர் அடிக்கிற வழக்கம் கிடையாது. ஜெபமலர் எழுதி இழுப்பறைக்குள் போன பக்கத்தில் இருந்ததும் அந்தக் கதைதான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டல் மாடியில், ராமசுப்ரமணியன் என்கிற கணக்கெழுத்துக்காரர் ஹோட்டல் ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டரும் கணக்கும் சொல்லித்தர ஆரம்பித்தார். பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். பதினெட்டுப் பேரும் ஒன்றாக உட்கார்ந்த நாள் ஒன்றுகூட இல்லை. மேலே அவர் பேர் கூப்பிடுவார், கீழே அடுக்களையிலிருந்து யாராவது கத்துவார்கள்: "மாவு ஆட்டுகான் சார்!", "எலை எடுக்கப் போயிருக்கான் சார்!" அவர் ஆப்சென்ட் போடாமல் ஒரு சின்ன வட்டம் போட்டு, பக்கத்தில் 'மாவு', 'இலை' என்று எழுதிக்கொண்டார். ஒரே ஒரு சட்டம் வைத்தார். யார் பதில் சொல்கிறார்களோ அவர்கள்தான் வராதவனுக்கு அன்றைய பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சும்மா கத்திவிட்டுப் போக முடியாது.

அவர் சென்னைக்குப் போய்விட்டார், ஹோட்டலும் இடம் மாறிவிட்டது. வட்டம் மட்டும் நின்றது. இப்போதும் காலையில் அறுபத்திரண்டு பேரையும் கூப்பிடுவார்கள். இருப்பவர்கள் இல்லாதவர்களுக்குப் பதில் சொல்வார்கள்: விழிஞ்ஞத்தில் கம்பி கட்டுகிறான், கிழக்கேக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறாள், வித்துராவில் ரப்பர் பால் எடுக்கிறான்.

ஜெபமலரே ஒரு காலத்தில் வட்டமாக இருந்தவள்தான். ஆபீஸ் கோர்ஸில் சேர்ந்து ஏழாம் மாதம், வயிற்றில் பிள்ளையோடு மார்த்தாண்டத்துக்குப் போனவள், மூன்று வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெட்கத்தோடு ஒருநாள் திரும்பி வந்து வாசலில் நின்றபோது உள்ளே பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஜெபமலர்" என்றார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள், அவள் பார்த்தே இராத ஒரு பெண், "பிள்ளை வளக்கா சார்" என்று பதில் சொன்னாள். அன்றைக்கு வாசலில் நின்று அழுத அழுகை இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சுக்குள் கிடக்கிறது.

அப்படிப்பட்டவள் கையில் சிவப்புப் பேனா.

போட்டாள். என்ன செய்ய? ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தண்ணீர் குடித்தாள். ஃபேனை நிறுத்தினாள், மறுபடி போட்டாள். செல்வகணேஷ் மேல் ஒரு கோடு. பிரஜின் மேல் ஒரு கோடு. நாற்பத்தொன்றாம் எண்ணில் வந்து பேனா நின்றுவிட்டது.

நாற்பத்தொன்று, நாச்சியார். பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்து வீட்டுப் பெண், இருபத்தாறு வயது. மூன்று செமஸ்டரில் இரண்டை முடித்துவிட்டாள். ஜூன் மாத மழையில் அவள் அம்மா தேயிலைச் சரிவில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். லயத்து வீடு கையைவிட்டுப் போகாமல் இருக்க, அம்மாவுக்குப் பதில் இவள் கொழுந்து பறிக்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ரேஞ்ச் கிடைக்கிற வளைவு வரை நடந்து வந்து போன் செய்வாள். சுகம் விசாரிப்பு எல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே.

"அக்கா, எம் பேரு கெடக்கா?"

"கெடக்கு நாச்சியாரே."

போன ஞாயிற்றுக்கிழமைகூட அப்படிச் சொன்ன வாய்தான். ஜெபமலர் பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டை இழுத்தாள். கோடு வளைந்துவிட்டது. 'படுபாவி' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிறகு இருபத்துமூன்று பேருக்குப் புதுப் பட்டியல் ஒன்று டைப் செய்தாள். மணி ஒன்று.

"பிள்ளைககிட்ட சொல்லிரு. மேடம் புதுப் பட்டியல்தான் வாசிப்பா. வாசிச்ச பேருக்கு மட்டும் கைய தூக்கினா போரும். வேற ஒண்ணும் மிண்டப்பிடாது" என்றார் சிவதாணு.

சொல்லத்தான் போனாள். வகுப்பில் போய் நின்றாள். இருபத்துமூன்று முகங்களும் அவளையே பார்த்தன. 'மற்றவர்கள் பேரை அடித்துவிட்டேன், வாயைத் திறக்காதீர்கள்' என்பதை எந்த நாக்கால் சொல்வது? "போன ஆஃப் பண்ணுங்க. நேரா உக்காருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

இரண்டு பத்துக்கு அங்கீகாரக் கமிட்டியிலிருந்து ஆதிரா மேடம் வந்தார். நாற்பது வயதிருக்கும். காட்டன் சேலை, கையில் ஃபைல், அதிகம் சிரிக்காத முகம். மூன்று அறைகளையும் பார்த்தார், கழிப்பறையையும் பார்த்தார், கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டச் சொன்னார். எல்லாம் சரியாகவே போனது. சிவதாணு பழரசம் வரவழைத்தார். ஜெபமலர்தான் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் கதவுக்கும் அலமாரிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

கடைசியாக வகுப்புக்குள் போய், புதுப் பட்டியலை எடுத்து மேடமே பேர் வாசித்தார். இருபத்துமூன்று பேர். இருபத்துமூன்று "பிரசென்ட் மேடம்". மேடம் ஃபைலை மூடினார். சிவதாணுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வகுப்பில் ஒரு முணுமுணுப்பு. பிறகு பிச்சைக்கனி எழுந்தான். கொத்தனார் மகன், மரியாதை தெரிந்த பையன். மேடத்துக்கு உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டான்.

"மேடம், ஒரு பக்கம் விட்டுப்போச்சு கேட்டோ."

"எந்தா?"

"பதினாலாம் நம்பர் செல்வகணேஷ விளிக்கல்லியே மேடம். அவன் விழிஞ்ஞத்துல கம்பி கெட்டுகான். பாடம் நான் சொல்லிக்கொடுத்திட்டிருக்கேன்."

"பிரஜினும் விட்டுப்போச்சு மேடம்," பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அவன் மெடிக்கல் காலேஜ்ல அப்பாகூட நிக்கான்."

அவ்வளவுதான், அணை திறந்த மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தர் மாற்றி ஒருத்தர் எழுந்தார்கள். துணிக்கடை, ரப்பர், பெயிண்ட் வேலை, பிரசவம். "நாச்சியார் பொன்முடியில கொழுந்து பறிக்கா மேடம்" என்றும் ஒரு குரல் வந்தது. முப்பத்தொன்பது பேருக்கும் பதில் வந்தது. சிவதாணு சுவரைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் ஆர்யா என்கிற பெண் மட்டும் வாயைத் திறக்காமல் ஜெபமலரை முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஆபீஸ் அறையில் மேடம் பழைய ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கினார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்துத் தேய்த்தார். எல்லாம் ஒரே மை, பளிச்சென்ற புதுச் சிவப்பு.

"இந்த வரையெல்லாம் இன்னைக்கு போட்டதல்லே?"

"அது வந்து மேடம், ஆபீஸ்ல…" என்று சிவதாணு தொடங்கினார்.

"நாந்தான் போட்டேன் மேடம். காலைல போட்டேன்" என்றாள் ஜெபமலர். பிறகு அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மாவு, இலை, வட்டம், பதில் சொன்னவர் பாடம் சொல்ல வேண்டும் என்பது, தானே வட்டமாக இருந்தது, எல்லாம்.

மேடம் படிவத்தைப் புரட்டி, அபிலாஷின் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது உங்கட வரலாறு, நோக்கம். இதுல வட்டம் எவிடே? உலகத் தரம்னு உண்டு. நீங்க சொன்னதுல ஒரு வரி இல்ல. எழுத்துல இல்லாத்தத நான் எங்ஙனே எடுக்கும்? வராத்த பிள்ளைகள கள்ளக்கணக்கு காட்டினதுன்னு கமிட்டி பறயும்."

சிவதாணு தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு வழியுண்டு" என்றார் மேடம். "ஒண்ணு, இந்தச் செவப்பு வரை நிக்கட்டும். இருவத்திமூணு பேரு, ஃபுல் அட்டெண்டன்ஸ். பிள்ளைகள் சொன்னது நான் கேட்டதே இல்ல. அங்கீகாரம் கிட்டும். இல்லெங்கில், நீங்க சொன்னத எழுதி தலைவர் கையொப்பமிட்டுத் தாங்க. நான் ரெஜிஸ்டரோட கமிட்டிக்கு அனுப்பும். அவங்க சம்மதிக்கலாம். மொத்தத்தையும் தள்ளவும் செய்யலாம். நாலு மணிக்கு நான் எறங்கும்."

மணி மூன்று இருபது.

"இருவத்திமூண காப்பாத்து. எம்மா, உன் கால்ல விழுகேன்" என்றார் சிவதாணு.

ஜெபமலர் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பரீட்சை அவளுடையது இல்லை, பிள்ளைகளுடையது. நேரே வகுப்புக்குப் போனாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்புக் கோடு போட்டது தான்தான் என்பதையும் சொன்னாள். அப்புறம், "என்ன செய்யட்டும்? நீங்க சொல்லுங்க" என்று கேட்டாள்.

ஆர்யா எழுந்தாள்.

"எனக்கு எக்ஸாம் வேணும் டீச்சர். விழிஞ்ஞம் போர்ட்ல வேலைக்கு ஆஃபர் இருக்கு. சர்டிபிகேட்டோட வான்னு சொல்லியிருக்காங்க. அச்சன் ரெண்டு வருஷமா சாந்து சுமந்துதான் என்ன படிக்க வச்சாரு. வராதவங்களுக்காக நான் ஏன் தோக்கணும்?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? ஜெபமலருக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும், ஓடிப்போய்விட வேண்டும் போலவும் இருந்தது.

"போன மழைல நான் மூணு மாசம் திருநெல்வேலில கெடந்தேன்," பிச்சைக்கனி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு யாரு பதில் சொன்னா? நீதானே ஆர்யா. திரும்பி வந்தப்ப பாடமும் நீதான் சொல்லிக்கொடுத்த."

"அது வேற."

"எனக்கு வேற இல்ல."

ஜெபமலர் கையில் இருந்த ரெஜிஸ்டரைப் புரட்டினாள். இந்த இருபத்துமூன்று பேரில் ஒரு தடவையாவது மாதக்கணக்கில் வட்டமாகக் கிடந்தவர்களை எண்ணினாள். பதினேழு பேர். அதைச் சொன்னாள். உண்மையை எழுதி அனுப்பச் சம்மதம் என்றால் கை தூக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. எண்ணினாள், இருபத்திரண்டு. ஆர்யா கை தூக்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் வேலை போனா நீங்க பொறுப்பா டீச்சர்?"

"ஆமா. நாந்தான் பொறுப்பு" என்றாள் ஜெபமலர். எப்படிப் பொறுப்பேற்பது என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் சொன்னாள்.

திரும்பி வந்தபோது சிவதாணு இழுப்பறையைத் திறந்து வைத்திருந்தார். நான்காய் மடித்த அவளுடைய பக்கம் உள்ளே அப்படியே கிடந்தது. மனுஷன் கிழித்துப் போடவில்லை.

"இதுல நான் ஒப்பு போட்டா இருவத்திமூணும் முங்கிப் போயிரும்ட்டி."

"பிள்ளைக கை தூக்கிட்டாங்க அண்ணாச்சி. ஒருத்தி தூக்கல."

மூன்று ஐம்பத்தைந்துக்கு அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடக்கூட மறந்துவிட்டார். மேடம் அந்தப் பக்கத்தையும் சிவப்புக் கோடு போட்ட பக்கங்களின் நகலையும் ஃபைலில் வைத்துக்கொண்டு, "நோக்காம், பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி இறங்கிப் போனார்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜெபமலர் தபால்காரன் வண்டிச் சத்தம் கேட்டாலே மாடிப்படிக்கு ஓடினாள். ஈமெயிலை நாளுக்கு நாற்பது தடவை திறந்து பார்த்தாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், அடுத்த நாள் போடவே மறந்தாள். பேர் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். எந்தப் பட்டியலைக் கூப்பிடுவது? தலையை எண்ணிக் குறித்துக்கொண்டு பாடத்தை ஆரம்பியுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டாள். ஆர்யா தினமும் வந்தாள். யாரிடமும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. நாச்சியார். ஜெபமலர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓய்வதைப் பார்த்தாள். கெடக்கு என்று சொன்னால் பொய்யாகலாம். கெடக்கல என்று சொல்ல வாய் வராது. அந்த வளைவு வரை நடந்து வந்திருப்பாளே, மழையில் நனைந்திருப்பாளே என்று நினைத்து நினைத்து அன்றிரவு முழுக்கப் புரண்டாள். அடுத்த ஞாயிறும் போன் அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. தன்னை இவ்வளவு கேவலமாக அவள் என்றைக்கும் நினைத்ததில்லை.

அதற்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில் கடிதம் வந்தது. ஒரு வருஷத்துக்கு அங்கீகாரம். பரீட்சை எழுதலாம். வட்டத்தில் இருப்பவர்களைப் படிப்பை இடையில் நிறுத்திவைத்தவர்கள் என்று கணக்கில் வைக்கலாம், ஆனால் அடுத்த ஜூனுக்குள் திரும்பி வராதவர் பேரை நீக்க வேண்டும். சிவதாணு போனிலேயே அழுதார். "ஜூன் வர நேரமிருக்குல்லா, இருக்குல்லா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஜெபமலர் பழைய ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். கடிதத்தை வாசித்துக் காட்டினாள். பிறகு பன்னிரண்டு நாள் கழித்து முதல் தடவையாகப் பேர் கூப்பிட்டாள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த பேர்களையும் விடாமல் கூப்பிட்டாள்.

"செல்வகணேஷ்."

"விழிஞ்ஞம், டீச்சர். இந்த மாசக் கடைசில வருவான்."

ஒவ்வொருவருக்கும் பதில் வந்தது. நாற்பத்தொன்று வந்தது.

"நாச்சியார்."

வழக்கமாக அவளுக்குப் பதில் சொல்லும் பெண் எழப் போனாள். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஆர்யா எழுந்துவிட்டாள்.

"கொழுந்து பறிக்கா டீச்சர்."

ஜெபமலர் நிமிர்ந்து பார்த்தாள். "பதில் சொன்னா பாடம் சொல்லிக்கொடுக்கணும், தெரியுமில்ல?"

"தொடங்கியாச்சு" என்றாள் ஆர்யா. முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. "நீங்க போன எடுக்கலியாம். நேத்து எனக்குக் கூப்பிட்டா. பேரு கெடக்கான்னு கேட்டா. கெடக்குன்னு சொல்லிட்டேன்."

"நேத்து லெட்டர் வரலியே ஆர்யா."

"ஆமா, வரல. அஞ்சாம் பாடம் பாதி சொல்றதுக்குள்ள ரேஞ்ச் போயிட்டு. மிச்சத்த ஞாயித்துக்கிழம சொல்லணும்."

ஜெபமலர் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு எதிரே, அந்த வளைந்த சிவப்புக் கோட்டின் பக்கத்தில், ஒரு வட்டம் போட்டாள். உள்ளே 'கொழுந்து' என்று எழுதினாள். பிறகு நாற்பத்திரண்டாம் பேரைக் கூப்பிட்டாள்.